கமலா நெல்: டெல்டாவுக்கு வருமுன் யாரைக் கேட்க வேண்டும்?

வெண்ணாற்றங்கரை:
2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று கமலா. நாம் நடுகிற பிபிடி 5204-இல் இருந்து எடுத்தது. இன்னொன்று பூசா டிஎஸ்டி ரைஸ் 1, உப்பையும் வறட்சியையும் தாங்கும் என்கிறார்கள். கமலா 19 சதவீதம் கூடுதலாக விளையும், 20 நாள் முன்னதாக அறுக்கலாம் என்பது அறிவிப்பு.

ரகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கதிரில் மணி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் கை வைத்திருக்கிறார்கள், வேற்று உயிரின் மரபணு எதுவும் அதில் இல்லை. அது புரிகிறது. ஆனால் இப்படிப்பட்ட பயிர்களுக்கு, மரபணு மாற்றிய உயிர்களைக் கட்டுப்படுத்தும் 1989 விதிகளின் முக்கியமான கட்டங்களில் இருந்து விலக்கு கொடுத்தது 2022 மார்ச்சில் மத்திய அரசிடம் இருந்து வந்த ஓர் அலுவலகக் குறிப்பாணை. நம் பக்கத்தில் யாரையாவது கேட்டார்களா?

கேட்டிருந்தால் நான் ஒன்று சொல்லியிருப்பேன். ஆவணி நடுவில் விதை விட்டால் பிபிடி தை நடுவில் அறுப்புக்கு வரும். 20 நாள் குறைந்தால் பூக்கிற நேரம் கார்த்திகை மழையில் மாட்டும். பூவில் மழை அடித்தால் பாதி பதர். சரி, 20 நாள் தள்ளி விதைக்கலாம் என்றால், நட்ட இளம்பயிர் ஐப்பசி மழையில் முழுகும்.

மன்னை விதைக்கடை:
அண்ணே, விதையை வாங்குவதும் வாங்காமல் போவதும் விவசாயி கையில்தானே இருக்கிறது? பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருஷம் என் கடைப் பக்கமே வரமாட்டார். அறுபதுகளில் ஏடிடீ 27 நெல் வந்தபோது யார் கூட்டம் போட்டுக் கேட்டார்கள்? கேட்டுக்கொண்டு இருந்திருந்தால் இன்னும் ரேஷனுக்குக் கப்பலைத்தான் பார்த்துக்கொண்டு இருப்போம்.

பூச்சியைத் தாங்க மரபணு மாற்றிய பிடி கத்தரிக்கு என்ன ஆனது? 2010-இல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் கருத்துக் கேட்டார். பிப்ரவரி 9-ஆம் தேதி நிறுத்தி வைத்தார். அன்றைக்கு வைத்தது வைத்ததுதான். வங்கதேசத்தில் 2014-இல் இருந்து பயிர் செய்கிறார்கள்.

வெண்ணாற்றங்கரை:
அந்த ஏழு ஊர்களில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை தம்பி. கோயம்புத்தூர் பல்கலைக்கழகமே பிடி கத்தரி உருவாக்கியது. ஆனாலும் கூட்டம் பெங்களூரோடு நின்றுவிட்டது.

நெல் ஆய்வு:
நான் பயிர்ப் பெருக்கம் படிக்கிறேன். ஒரு ரகம் நல்லதா கெட்டதா என்பதைத் திடல் ஆய்வுதான் சொல்ல வேண்டும், கை தூக்கி முடிவு செய்ய முடியாது. கருத்துக் கேட்புக் கூட்டங்களையும் பார்த்திருக்கிறேன். நான்கு பேர் மைக்கைப் பிடித்துக் கத்துகிறார்கள். ஆட்சியர் எழுந்து போகிறார். வீடியோ எடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது. இதை நெல்லுக்கும் கொண்டுவர வேண்டுமா?

வெண்ணாற்றங்கரை:
எல்லாம் முடிவான பிறகு கூப்பிட்டால் கத்தத்தான் செய்வார்கள். முழு அறிக்கை இங்கிலீஷில் இருக்கும், சுருக்கம் மட்டும் தமிழில். மன்னார்குடியில் மீத்தேன் எரிவாயு எடுக்கும் திட்டத்துக்கு 2010-இல் நிறுவனத்துக்கு நிலப்பரப்பை ஒதுக்கிய பிறகுதான் ஊர்க்காரனுக்கு விஷயமே தெரிந்தது. 2015-இல் மாநில அரசு தடை போடும் வரை தெருவில் நின்றோம். 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று மத்திய அரசு விதியை மாற்றியது. அடுத்த மாதம் டெல்டாவைக் காக்க மாநில அரசின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. முதலிலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் இத்தனை வருஷம் போயிருக்காது.

நான் சொல்வது வேறு மாதிரி: சாதாரண மக்களே நடுவர்களாக உட்கார்ந்து விசாரிக்கும் குழு. டென்மார்க்கில் 1987-இல் மரபணு நுட்பத்தைப் பற்றி இப்படி ஒன்று நடத்தினார்கள். துறைக்குச் சம்பந்தமில்லாத சாதாரண மக்கள் பதினைந்து பேர் அளவில். முன்கூட்டியே படிக்க அவகாசம் கொடுத்தார்கள். கேள்விகளை அவர்களே போட்டார்கள், நிபுணர்களை நேரில் விசாரித்தார்கள், அறிக்கையையும் அவர்களே எழுதினார்கள். ஆந்திராவில் 2001-இல் மேதக் பக்கம் ‘பிரஜா தீர்ப்பு’ என்ற மக்கள் நடுவர் குழு நடந்தது. அதில் நடுவர்களாக உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் சிறு, குறு விவசாயிகள்.

கடைமடை தலைஞாயிறு:
ஐயா சொல்கிற 20 நாள் கணக்கு ஆற்றுத் தலைப்பில் இருப்பவர்களுக்கு. எங்களுக்குத் தண்ணீர் வந்து சேரவே புரட்டாசி ஆகிவிடுகிறது. நேரடி விதைப்புதான். மாசியில் தண்ணீர் இல்லாமல் பால் பிடிக்கிற பயிர் காய்வதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றிருக்கிறேன். 20 நாள் குறைந்தால் அந்தப் பயிர் எனக்கு வீடு வந்து சேரும். உப்பு தாங்கும் ரகமும் எனக்கு உடனே வேண்டும். கூட்டம் போடுகிறேன் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மன்னை விதைக்கடை:
இதைத்தான் நானும் சொல்கிறேன்.

நெல் ஆய்வு:
ஒப்புக்கொள்கிறேன், இது திடல் ஆய்வில் வராது. ஆய்வுத் திடலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதில்லை. ஒரே ரகம் நீடாமங்கலத்துக்கு ஒரு மாதிரி, தலைஞாயிறுக்கு ஒரு மாதிரி. ஆனால் இதை விவசாயிகளிடம் ஆய்வாளர்கள் விசாரித்தால் போதாதா? நடுவர் குழு எதற்கு?

கீழத்தெரு மகள்:
விவசாயி என்று நீங்கள் எல்லோரும் சொல்வது யாரை? நிலம் உள்ளவர்களைத்தான். விதையை வாங்கலாம், வாங்காமல் விடலாம் என்ற ஓட்டு கூலி வேலை செய்கிற என் அம்மாவுக்குக் கிடையாது. கோயில் நிலத்தில் குத்தகை செய்கிற என் மாமாவுக்குப் பட்டாவும் இல்லை, அதனால் எந்தக் கூட்டத்திலும் பெயரும் இல்லை.

ஏடிடீ 27-ஐப் பற்றி ஒருவர் எழுதினார். தஞ்சாவூரைத் தீவிர சாகுபடித் திட்டத்துக்கு எடுத்தது 1960-இல். விளைச்சல் கூடியது. கூலியைக் கூட்டிக் கேட்டபோது என்ன நடந்தது என்பதற்குக் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25, 44 பேர். அன்றைக்கு விதையைப் பற்றிப் பேசினார்கள், கூலியைப் பற்றி எங்களைப் பேச விடவில்லை.

அறுவடை மெஷின் வந்த வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை அம்மா அறுப்புக் கூலியாக நெல் கொண்டுவருவாள். திண்ணையில் மரக்காலால் அளந்து குதிரில் கொட்டுவோம். புரட்டாசி வரை சோற்றுக்குக் கவலை இல்லை. மெஷின் வந்த தையில் அந்தக் குதிர் காலியாகவே இருந்தது. வைக்கோலும் பொடிந்து போனது, மாட்டை விற்றோம். மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அம்மா வைக்கோலைப் பற்றியாவது கேட்டிருப்பாள். கமலாவுக்கும் அதே கேள்விதான். தாள் உயரம் எவ்வளவு, மாடு தின்னுமா, களை பறிக்கிற வேலை எத்தனை நாள்?

மன்னை விதைக்கடை:
அக்கா, வைக்கோலை நான் யோசிக்கவே இல்லை. கடையில் அதை யாரும் கேட்பதில்லை. குழு இருக்கட்டும். ஆனால் நாள் குறித்து நடத்துங்கள். பிடி கத்தரி மாதிரி பதினைந்து வருஷம் தொங்கக் கூடாது. இன்னொன்றும் கேட்கச் சொல்லுங்கள்: மரபணுவைத் திருத்தும் கிறிஸ்பர் உத்தியின் காப்புரிமை வெளிநாட்டுக்காரர்களிடம் இருக்கிறது. நாளைக்கு விதை விலையில் அது ஏறுமா?

கடைமடை தலைஞாயிறு:
குழு நடக்கிற அதே பட்டத்தில் எங்கள் ஊரில் பத்து வயலில் சோதனையும் போட வேண்டும். அப்படியானால் எனக்குச் சம்மதம்.

வெண்ணாற்றங்கரை:
நியாயம். 2024 ஜூலையில் மரபணு மாற்றக் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்றமே, விவசாயிகளையும் மாநிலங்களையும் கலந்து தேசியக் கொள்கை வகுக்கச் சொல்லியிருக்கிறது. அந்தக் கலந்தாய்வில் ஒன்றை இங்கே வைக்கச் சொல்லி எழுதுவோம். தலைமடை, கடைமடை, குத்தகை, கூலி, அரவை மில், எல்லாரிலும் ஆள் வேண்டும்.

கீழத்தெரு மகள்:
எழுதும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. நடவு நாளிலும் அறுப்பு நாளிலும் வைக்காதீர்கள், பங்குனியில் வையுங்கள். வருகிறவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அம்மா வரமாட்டாள்.