மாணவர் திட்டத்துக்கு ஏற்ற மதிப்பீட்டு முறை: வல்லுநர் நெறிகளா, பயனர் சோதனையா, கேள்வித்தாளா?

தாம்பரம் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நால்வர் வடிவமைப்புப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறோம். சென்னைப் புறநகர் ரயில் நிலையங்களில் உள்ள பயணச்சீட்டுத் தொடுதிரை இயந்திரத்துக்குப் புதிய திரைகளை ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்திருக்கிறோம். மொத்தம் 14 திரைகள். இன்னும் ஐந்து வாரங்களே உள்ளன. இரண்டு மதிப்பீட்டு முறைகளைத் தேர்ந்தெடுத்து, ஏன் அவற்றைத் தேர்ந்தோம் என்று எழுத வேண்டும் என்பது துறையின் நிபந்தனை. குழுவில் இருவர், எளிதில் பயன்படுத்தத்தக்க திரைகளுக்கென ஜேக்கப் நீல்சன் என்ற ஆய்வாளர் வகுத்த பத்து நெறிகளை வைத்து நாங்களே திரைகளை ஆராய்ந்தால் போதும் என்கிறார்கள். ஒருவர், பயன்பாட்டு எளிமைக்குப் பயனர்களிடமிருந்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் பெறும் எஸ்யூஎஸ் கேள்வித்தாளைக் கூகுள் படிவமாக்கி அறுபது பேருக்கு அனுப்பலாம் என்கிறார். ஐந்து பேரை அருகில் உட்கார வைத்து, அவர்கள் சீட்டு எடுப்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். எது சரி, எதனால் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சோதனைக்கூடம்:
எட்டு ஆண்டுகளாகப் பயனர் சோதனையையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: நெறிகளை வைத்து நீங்களே ஆராய்வதைக் கைவிடுங்கள். அந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான நீல்சனே 1992-இல் இதை அளந்து பார்த்தார். தொலைபேசி வழி வங்கிச் சேவை ஒன்றில் இருந்த குறைகளில், பயிற்சியில்லாத ஒருவர் சராசரியாக 22 விழுக்காட்டையும், பயன்பாட்டு எளிமையில் வல்லவர் 41 விழுக்காட்டையும், அந்தத் துறையோடு அந்த வகைச் சேவையையும் அறிந்தவர் 60 விழுக்காட்டையும் கண்டுபிடித்தனர். நீங்கள் முதல் வகையினர். போதாக்குறைக்கு, அந்தத் திரைகளை வரைந்தவர்களும் நீங்களே. தான் எழுதிய கட்டுரையில் எழுத்துப்பிழை தன் கண்ணுக்குத் தெரியாமல் போவதை எல்லோரும் அறிவோம்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
நண்பர் சொன்ன எண்கள் சரியானவை. ஆனால் அவற்றிலிருந்து அவர் வந்தடையும் முடிவை நான் ஏற்கவில்லை. அந்த 22 விழுக்காடு தனி ஒருவர் கண்டுபிடிப்பது. 1990-இல் நீல்சனும் மோலிக்கும் இந்த முறையை முன்வைத்தபோதே, ஒருவரை மட்டும் நம்பக்கூடாது, மூவர் முதல் ஐவர் வரை தனித்தனியே ஆராய்ந்து, பின்னர் பட்டியல்களை ஒன்றுசேர்க்க வேண்டும் என்று கூறிவிட்டார்கள். ஒருவர் தவறவிடுவதை இன்னொருவர் பிடிப்பார் என்பதே அந்த முறையின் அடிப்படை. ‘பின்செல்’ பொத்தானே இல்லாத திரையைப் பயனர் முன் வைத்தால், அவருடைய அரைமணி நேரம் நாமே அறிந்திருக்க வேண்டிய ஒன்றை அறிவதில் கழிந்துவிடும். மாணவர்களுக்குப் பயனர்கள் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்த ஐந்து பேரை அப்படி வீணாக்குவது எனக்குப் பெரும் பிழையாகத் தோன்றுகிறது. 1991-இல் ஜெஃப்ரிஸ் குழுவினர் ஒரே மென்பொருளை நான்கு முறைகளால் மதிப்பிட்டபோது, மிகுதியான குறைகளை, கடுமையானவை உட்பட, கண்டுபிடித்தது இந்த நெறிமுறை ஆய்வுதான்.

சோதனைக்கூடம்:
ஐயா, அந்த ஆய்வில் நெறிகளை வைத்து மதிப்பிட்டவர்கள் இடைமுக வடிவமைப்பில் தேர்ந்த வல்லுநர்கள். அத்தகையவர்கள் இருந்தால்தான் அந்த விளைவு கிட்டும் என்று அதே ஆய்வு காட்டுகிறது. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

எண்ணும் எழுத்தும்:
இருவரும் ஐந்து பேர் என்ற எண்ணைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருப்பது எனக்கு வியப்பளிக்கிறது. ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காடு குறைகளை வெளிப்படுத்துவார் என்று 1993-இல் நீல்சனும் லாண்டவரும் கணக்கிட்டார்கள். அதன்படி ஐவர் ஏறத்தாழ 85 விழுக்காட்டை வெளிப்படுத்துவர். ஆனால் அது சராசரி. 2003-இல் ஃபாக்னர் அறுபது பேரைச் சோதித்து, அவர்களிலிருந்து ஐவர் ஐவராகக் குலுக்கி எடுத்துப் பார்த்தபோது, ஒரு ஐவர் குழு 99 விழுக்காட்டைக் கண்டது, இன்னொரு ஐவர் குழு 55 விழுக்காட்டோடு நின்றது. உங்களுக்கு எந்த ஐவர் வாய்ப்பார்கள் என்பதை யார் சொல்ல முடியும்? எஸ்யூஎஸ் 1986-இல் ஜான் புரூக் உருவாக்கியது, பத்தே வாக்கியங்கள், இத்தனை ஆண்டுகளாகத் துறையில் நிலைத்திருக்கிறது. அறுபது பேரின் மதிப்பெண் ஐந்து பேரின் கதைகளைவிட உறுதியான சான்று என்பதே என் நிலைப்பாடு.

சோதனைக்கூடம்:
ஃபாக்னரின் முடிவைப் பத்துப் பேரைச் சோதிப்பதற்கான காரணமாக ஏற்கிறேன். அந்த ஆய்விலேயே பத்துப் பேர் கொண்ட குழுக்களில் மிகக் குறைந்தது 80 விழுக்காடு. ஆனால் அதைக் கேள்வித்தாளுக்கான வாதமாக ஆக்க இயலாது, ஏனெனில் அவரும் மனிதர்கள் பயன்படுத்துவதைப் பார்த்தே அந்த எண்களைப் பெற்றார்.

மாணவர்களின் திரைகளுக்கு எஸ்யூஎஸ் மதிப்பெண் 71 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். பதினான்கு திரைகளில் எதை நாளை காலை மாற்றுவது? அந்த எண்ணில் இதற்கு விடை இல்லை. அது விழுக்காடும் அன்று. 68 என்பது சராசரியாகக் கருதப்படுவதால், 71 என்பது சராசரியைச் சற்றே தாண்டிய நிலை மட்டுமே. மேலும், படிவம் கைபேசியில் வந்து சேரும் அறுபது பேரில் எத்தனை பேர் முன்மாதிரியில் ஒரு சீட்டையாவது முழுமையாக எடுத்திருப்பார்கள்? பயன்படுத்தாத பொருளைப் பற்றிய கருத்தை எத்தனை பேரிடம் கேட்டாலும் அது பயன்பாட்டைப் பற்றிய சான்றாகாது. அந்தப் பத்து வாக்கியங்களும் ஒன்றுவிட்டு ஒன்று நேர்மறையாகவும் எதிர்மறையாகவும் அமைந்தவை. அவற்றை அவசரமாகத் தமிழாக்கினால், எதிர்மறை வாக்கியத்தை மறுக்க ‘ஏற்கவில்லை’ என்று குறிப்பதில் பலர் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன்.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. 2012-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பெங்களூரில் நடந்த 450 நேர்காணல்களில், பலரிடம் ஒரே காணொளியை இருமுறை காட்டி, அவற்றில் ஒன்றைக் கேள்வி கேட்பவரே உருவாக்கியதாகச் சொன்னார்கள். அவர் உருவாக்கியதாகக் கருதியதைத் தேர்ந்தவர்கள் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம். கேட்டவர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு வந்த வெளிநாட்டவராக இருந்தபோது அது ஐந்து மடங்காயிற்று. எதிரில் இருப்பவரின் மனம் நோகக்கூடாது என்பது நம் மக்களின் பண்பு. நம் வீட்டுப் பிள்ளை காட்டும் திரைக்கு யார் குறைந்த மதிப்பெண் போடுவார்கள்?

தாம்பரம் மாணவி:
இதைப் படித்த பிறகு நேற்று மாலை பக்கத்து வீட்டு அத்தையிடம் முன்மாதிரியைக் கொடுத்தேன். செங்கல்பட்டுக்குப் போய்வரச் சீட்டு எடுக்கச் சொன்னேன். முந்தைய திரைக்குச் செல்ல நாங்கள் ‘திரும்புக’ என்று எழுதிய பொத்தான் ஒன்று உண்டு. அத்தை அதைப் போய்த் திரும்புவதற்கான சீட்டு என்று எண்ணி அழுத்தினார், திரை பின்னால் போனது, மறுபடியும் அழுத்தினார். இரண்டு முறையும் சீட்டு எடுக்க முடியவில்லை. முடிந்ததும், “ரொம்ப நல்லா இருக்கும்மா” என்றார். நாங்கள் நால்வரும் மூன்று மாதங்களாக அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
மகளே, மிக நல்ல கவனிப்பு. ஆனால் இதுவே என் தரப்புக்கும் சான்று. ‘பயனரின் மொழியில் பேசுக’ என்பது அந்தப் பத்து நெறிகளில் இரண்டாவது. ஒவ்வொரு திரையையும் அந்த ஒரு நெறியோடு பொறுமையாக ஒப்பிட்டிருந்தால் இந்தச் சொல் சிக்கியிருக்கும்.

சோதனைக்கூடம்:
சிக்கியிருக்கலாம் என்பதை மறுக்கவில்லை ஐயா. ஆனால் ‘திரும்புக’ என்பது நல்ல தமிழ். கைபேசி முன் உட்கார்ந்து வாசிப்பவருக்கு அதில் பிழையே இல்லை. செங்கல்பட்டு போய் மாலையில் வீடு திரும்ப நினைக்கும் ஒருவருக்கு மட்டுமே அது பயணச்சீட்டாகத் தெரிகிறது.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
அந்தச் சொல்லைப் பொறுத்தவரை உங்கள் கூற்றை ஒப்புக்கொள்கிறேன். வரிசை பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை: முதல் வாரத்தில் நெறிமுறை ஆய்வு, அதுவும் இந்த நால்வர் அல்லாமல் வேறு குழுவின் மாணவர்கள் நால்வரைக் கொண்டு, திருத்தங்களுக்குப் பிறகே பயனர்கள்.

எண்ணும் எழுத்தும்:
எண்ணே வேண்டாம் என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. பணியை முடித்தவர் எத்தனை பேர், எத்தனை நொடியில், எத்தனை தவறான தொடுதல்களோடு என்பதையாவது குறித்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 9241 என்ற பன்னாட்டுத் தரநிலையின் 11-ஆம் பகுதி பயன்பாட்டு எளிமையைப் பயனுறுதி (பணி சரியாக முடிகிறதா), திறன் (எவ்வளவு நேரத்தில், முயற்சியில்), நிறைவு (பயனரின் மனநிறைவு) என்ற மூன்றாலும் வரையறுக்கிறது. அத்தையின் பாராட்டு மூன்றாவதை மட்டுமே தொட்டது, அதையும் நம்ப முடியாதபடி.

சோதனைக்கூடம்:
இதில் எனக்கு முழு உடன்பாடு. வரிசையிலும் ஐயா சொன்னபடியே செய்யலாம், அது ஒரு வாரத்தைத் தாண்டாத வரை. தினமும் பயணிப்பவர் ஐவர், இயந்திரத்தைத் தொட்டே பார்க்காதவர் ஐவர் என இரு வகையாகத் தேடுங்கள். திரைகளை வரைந்தது நீங்கள் என்று அவர்களிடம் சொல்ல வேண்டாம். பணியைச் சொல்லும்போது திரையில் உள்ள சொற்களை வாயில் எடுக்காதீர்கள். ‘இருவழிச் சீட்டு எடுங்கள்’ என்றால் அவர்கள் அந்தச் சொல்லைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘உங்கள் தங்கை வீடு செங்கல்பட்டில், இன்று போய் இன்றே வந்துவிட வேண்டும்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் கை எங்கே போகிறது என்று பாருங்கள்.