டூம், பி.ஜி.எம்.ஐ., ஸோம்பி மோட்: எதை அனுமதிக்கலாம், எதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

வாலிபர்_வகுப்பு (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை உள்ள பையன்களுக்கு சபையில் வகுப்பு எடுக்கிறேன். போனில் பி.ஜி.எம்.ஐ. (பப்ஜியின் இந்தியப் பதிப்பு), கம்ப்யூட்டர் இருக்கும் வீடுகளில் டூம் எடர்னல் (நரக அரக்கர்களைச் சுடுவது), கால் ஆஃப் டூட்டி ஸோம்பி (நடைப்பிணங்களைச் சுடுவது). பெற்றோரில் சிலர் "பிசாசு உருவம் உள்ள எந்த கேமும் வீட்டுக்குள் வரக்கூடாது" என்கிறார்கள். சிலர் "பிசாசைத்தானே சுடுகிறான், அதிலென்ன?" என்கிறார்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வசனத்தோடு நிறுத்தாமல், ஒரு கேமில் எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

நெல்லை_கேமர்

பிரதர், திரையில் என்ன படம் இருக்கிறது என்பதைவிட, ஜெயிப்பதற்காக விளையாடுகிறவனை என்ன செய்ய வைக்கிறார்கள் என்று பாருங்கள். மாந்திரீக விஷயத்தில் பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

பப்ஜி மொபைலில் 2020 ஜூனில் சான்ஹோக் என்ற மேப்பில் (விளையாடும் களத்தில்) ஒரு காட்டு மோட் (விளையாட்டு வகை) வந்தது. அதில் டோட்டம் எனும் குலச்சின்னச் சிலைகள் இருந்தன. சிலைக்கு முன்னால் போய் வணங்கினால் பலன் கிடைக்கும். வளைகுடா நாட்டு முஸ்லிம்கள் எதிர்த்தார்கள், கம்பெனி மன்னிப்புக் கேட்டு அதை எடுத்துவிட்டது. அந்த வணக்கத்தில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. ஆனாலும் அவர்கள் எதிர்த்தது சரி, நாமும் எதிர்த்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, கால் ஆஃப் டூட்டி வரிசையின் பிளாக் ஆப்ஸ் 3-இல் (2015) 'ஷேடோஸ் ஆஃப் ஈவில்' என்ற ஸோம்பி மேப். பேனா, விக், குத்துச்சண்டை பெல்ட், போலீஸ் பேட்ஜ் என்று நான்கு பொருட்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய பீடத்தில் வைத்து சடங்கு செய்ய வேண்டும். ஒவ்வொரு சடங்கிலும் ஒரு மனிதர் பலியாவார். நான்கும் முடிந்து ஐந்தாவது சடங்கும் செய்தால்தான் துப்பாக்கியை மேம்படுத்தும் 'பேக்-அ-பஞ்ச்' திறக்கும். சடங்கே செய்யாமல் சில ரவுண்டு தாக்குப்பிடிக்கலாம், ஆனால் எந்தப் பையனும் அப்படி விளையாட மாட்டான். குறி, சூனியம் என்று உபாகமம் 18:10-12 பட்டியலிடும் காரியங்களை இங்கே அவன் கையே செய்து பழகுகிறது. இதை நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

டூம் வேறு மாதிரி. 1993-இல் வந்த முதல் டூமின் நரக லெவல்களில் பெரும்பகுதியை வடிவமைத்த சாண்டி பீட்டர்சன் மோர்மன் சபையைச் சேர்ந்த பக்திமான். அரக்கர்கள் வில்லன்கள்தானே என்பது அவர் நிலை. சுவரில் ஐங்கோண நட்சத்திரம் (பிசாசுக் குறியாகக் கருதப்படுவது) இருக்கிறது என்பதற்காக விளையாடுகிறவன் அதை வணங்கவில்லை. சுடுகிற வடிவமே பாவம் என்றும் சொல்ல முடியாது. நாஜிகளைச் சுடும் உல்ஃபென்ஸ்டீன் 3டி கேமின் எஞ்சினிலேயே (கேமை இயக்கும் மென்பொருள்) 1994-இல் 'சூப்பர் 3டி நோவாஸ் ஆர்க்' செய்தார்கள். நோவா பேழைக்குள் ஓடி ஓடி, கவணால் தீனி எறிந்து மிருகங்களைத் தூங்க வைப்பார்.

போதகர்_வீடு

தம்பி சொன்ன அளவுகோல் நல்லது, மாந்திரீகத்துக்குப் பொருந்தும். ஆனால் அதே அளவுகோலை வன்முறைக்கும் வைத்தால் டூம் எடர்னல் (2020) தப்பாது.

அந்த கேமின் சக்கரத்தைக் கவனியுங்கள். தோட்டா தீர்ந்தால் செயின்சாவால் அரக்கனை அறுக்க வேண்டும், உள்ளிருந்து தோட்டா கொட்டும். சண்டைக்கு நடுவே உயிர் குறைந்தால், அரக்கனைத் தள்ளாட வைத்துப் பக்கத்தில் போய் வெறுங்கையால் கிழிக்க வேண்டும், உயிர் கூடும். கிழிக்கத் தயங்குகிறவன் தோற்பான். எதிரி பிசாசு என்பதால் இது ஆவிக்குரிய போராட்டம் ஆகிவிடாது. எபேசியர் 6-இல் பவுல் சொல்லும் சர்வாயுதவர்க்கத்தில் சத்தியம், நீதி, விசுவாசம் இருக்கின்றன, கிழிக்கிற சந்தோஷம் இல்லை. சங்கீதம் 11:5 கொடுமையில் பிரியமுள்ளவனைப் பற்றிப் பேசுகிறது. பிரியம் என்பதுதான் அங்கே கேள்வி, இந்த கேம் ஊட்டி வளர்ப்பதும் அதைத்தான்.

பெற்றோரிடம் ஒன்று தயவாகச் சொல்லுங்கள்: நட்சத்திரக் குறியைப் பார்த்ததால் பையனுக்குப் பிசாசு பிடித்துவிட்டது என்று பயமுறுத்த வேண்டாம். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று 1 கொரிந்தியர் 8:4 தெளிவாகச் சொல்கிறது. பயமுறுத்தி வளர்த்த பிள்ளை, பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை என்று கண்டதும் நாம் சொன்ன மற்றதையும் சேர்த்துத் தள்ளிவிடுவான். அதே சமயம், புதிதாக ரட்சிக்கப்பட்ட குடும்பத்தில் முன்பு சூனியம், குறி என்று இருந்திருந்தால், அந்தப் பையன் மனசாட்சி உறுத்தலாம். அவன் உட்கார்ந்திருக்கும் அறையில் மற்றவர்கள் ஷேடோஸ் ஆஃப் ஈவிலோ டூமோ போடக்கூடாது. ரோமர் 14 இதற்குத்தான்.

செட்டிங்ஸ்_சிஸ்டர்

பெற்றோர் வயது ரேட்டிங்கை மட்டும் நம்புகிறார்கள். அமெரிக்க ஈ.எஸ்.ஆர்.பி., ஐரோப்பிய பெகி என்ற ரேட்டிங் முறைகள் இரண்டிலும் வன்முறை, கெட்ட வார்த்தை, சூதாட்டம் எல்லாவற்றுக்கும் குறிப்பு உண்டு, மாந்திரீகத்துக்கென்று தனிக் குறிப்பு கிடையாது. அதனால் கம்ப்யூட்டர் கேம் என்றால் ஈ.எஸ்.ஆர்.பி. தளத்தில் பெயரைத் தேடி, கீழே இருக்கும் ரேட்டிங் சுருக்கத்தைப் படியுங்கள். காட்சிகளை ஒரு பத்தியில் வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். போன் கேம்களுக்கு பெரும்பாலும் அது இருக்காது. அதற்கு யூடியூபில் பேச்சில்லாத வாக்த்ரூ (ஒருவர் விளையாடுவதைப் பதிவுசெய்த வீடியோ) ஒன்றை நடுவிலிருந்து இருபது நிமிடம் பாருங்கள். ஆரம்ப லெவலில் எதுவும் தெரியாது.

பிளே ஸ்டோரில்: ப்ரொஃபைல் படம், செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரன்டல் கன்ட்ரோல்ஸ். ஆன் செய்து பின் நம்பர் போட்டு வயதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் எத்தனை போன் இருக்கிறதோ அத்தனையிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஏற்கெனவே இறக்கிய கேமை இது நீக்காது, நீங்கள்தான் அழிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. ஃபைலையும் (பிளே ஸ்டோர் இல்லாமலே கேமை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) தடுக்காது. அதற்கு செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' போய் குரோம், வாட்ஸ்அப், ஃபைல் மேனேஜர் மூன்றையும் ஆஃப் செய்யுங்கள்.

பி.ஜி.எம்.ஐ. 2021-இல் வந்தபோதே ரத்தத்தைப் பச்சையாக்கி, 18 வயதுக்குக் கீழே ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தார்கள். பையன் பெரியவர் வயது கொடுத்தோ அண்ணன் அக்கவுண்டிலோ நுழைந்தால் அந்த வரம்பு வேலை செய்யாது. எந்த அக்கவுண்டில் லாகின் ஆகியிருக்கிறது என்று பாருங்கள்.

வாலிபர்_வகுப்பு

மிக்க நன்றி. ஸ்டீமில் (கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடை) விளையாடுகிற பையன்களுக்கு?

செட்டிங்ஸ்_சிஸ்டர்

ஸ்டீம் ஃபேமிலீஸ் இருக்கிறது பிரதர். அப்பாவோ அம்மாவோ தங்கள் பெயரில் அக்கவுண்ட் தொடங்கி, குடும்பம் உருவாக்கி, பையனை 'சைல்ட்' என்று சேர்க்க வேண்டும். எந்தெந்த கேம், எத்தனை மணி நேரம் என்று அங்கேயே குறிக்கலாம். கடையையும் மூடலாம். லாகின் செய்யும்போது கேட்கும் ஸ்டீம் கார்டு (Steam Guard) கோட் பெற்றோர் போனுக்கு வரும்படி வையுங்கள். பல வீடுகளில் பையன்தான் அப்பாவுக்கு அக்கவுண்ட் தொடங்கிக் கொடுக்கிறான், பாஸ்வேர்டும் அவனிடமே இருக்கும். முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.