கஞ்சா மருந்தாகலாமா? கீமோ வாந்தியை முன்வைத்து

கோட்டைவாசி:
கீமோ ஏற்றிய மூன்றாம் நாள், உலை கொதிக்கும் வாடை எட்டினாலே என் தந்தையார் குமட்டிக்கொண்டு வாளியைத் தேடுகிறார். இந்த வாந்திக்கென்றே, கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சியைச் செயற்கையாகத் தயாரித்த டிரோனாபினாலுக்கு அமெரிக்கா 1985-இலேயே ஒப்புதல் அளித்துவிட்டது. அதே ஆண்டில் நாம் இயற்றிய போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் மருத்துவப் பயன்பாட்டுக்கு இடம் வைத்திருக்கிறது. கஞ்சாச் செடியின் பூந்தலையைத் தடுத்த அச்சட்டம் இலையை விட்டுவிட்டதால், வடமாநிலங்கள் சிலவற்றில் உரிமம் பெற்ற கடைகளிலேயே அந்த இலையை அரைத்துச் செய்யும் பாங்கு விற்கிறார்கள். கேளிக்கைக்குக் கிடைப்பது நோயாளிக்குக் கூடாதா?

மருந்தாளுநர்:
தங்கள் வேதனை புரிகிறது, ஐயா. ஆயினும் டிரோனாபினாலுக்கு ஒப்புதல் கிடைத்தது, வழக்கமான வாந்தி மருந்துகள் பலிக்காதவர்களுக்கு மட்டுமே. அதில் 2.5, 5, 10 மில்லிகிராம் எனத் திட்டமான அளவுகள் உண்டு. பாங்கு உருண்டையில் எவ்வளவு இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. சென்ற மாதம் ஒருவர் என்னிடம் கொண்டுவந்து காட்டிய ‘கஞ்சா எண்ணெய்’ குப்பியில் பச்சை இலைப் படம் இருந்தது. மில்லிகிராம் கணக்கு இல்லை.

இளந்தென்றல்:
வலிப்பு நோயுள்ள குழந்தையின் தாயாக எழுதுகிறேன். 1839-லேயே கல்கத்தாவில் ஓஷாக்னசி என்ற மருத்துவர் கஞ்சாவை வலிப்புக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். ஆனால் கஞ்சாவிலுள்ள, போதை தராத சிபிடி என்ற பொருளைக் கொண்ட எபிடியோலெக்ஸ் என்ற மருந்து, டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரு கடும் வலிப்பு நோய்களுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற 2018 ஆயிற்று. அதை வால்புரோயேட் என்ற வழக்கமான வலிப்பு மருந்துடன் சேர்த்துக் கொடுத்தால், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ஏறக்கூடும் என்பது முறையான சோதனைகளில்தான் தெளிவாயிற்று. என் மகளும் வால்புரோயேட்தான் சாப்பிடுகிறாள். ஆகவே குப்பி எண்ணெயை நான் தொடமாட்டேன்.

கோட்டைவாசி:
அளவு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, அம்மா. நான் அஞ்சுவது காத்திருப்புக்குத்தான். கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபினையும் அதே போதைப்பொருள் சட்டம் மருத்துவத்துக்கு அனுமதித்தே இருந்தது. ஆனால் உரிமத்துக்கு மேல் உரிமம் கேட்டதால் மருந்துக்கடைகள் அதை வைக்கவே தயங்கின. 2014-இல் சட்டத்தைத் திருத்தும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், புற்றுநோயாளிகள் வலியில் துடித்தார்கள். கஞ்சா மருந்துக்கும் அத்தனை காலம் ஆகுமென்றால், என் தந்தையாருக்கு அது எதற்கு?

மருந்தாளுநர்:
மார்ஃபின் விஷயத்தில் நடந்தது அநியாயம்தான். அதை நான் மறுக்கமாட்டேன். அங்கே அளவும் பயனும் தெரிந்த மாத்திரையை உரிமங்கள் மறித்தன. இங்கே அத்தகைய மாத்திரையைக் கேளுங்கள், நானும் உடன் கேட்கிறேன். இப்போதைக்கு ஒன்று: வழக்கமான வாந்தி மருந்தான ஆன்டான்செட்ரானுடன், குமட்டலைக் குறைக்கும் ஓலான்சபின் மாத்திரையையும் இரவில் கொடுத்துப் பார்த்தார்களா?

கோட்டைவாசி:
இல்லை. நாளைக் காலை மருத்துவரிடம் கேட்கிறேன். அதற்கும் வாந்தி நிற்காவிட்டால் மீண்டும் இங்கே வருவேன்.