படத்தில் தெரிந்த பச்சையும் அப்பா சொன்ன பயிரும்

எங்கள் நிலம் மன்னார்குடிப் பக்கம், ஒன்பது மா (ஒரு மா என்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்). மேட்டூர்த் தண்ணீர் நேரத்துக்கு வந்தால் குறுவை, தாளடி என இரண்டு போகம் நெல், வராவிட்டால் சம்பா ஒரு போகம் மட்டும். அறுவடை முடிந்ததும் உளுந்து அல்லது பருத்தி. எந்த வருடம் எந்த வயலில் எதைப் போட்டோம் என்று அப்பா எழுதி வைத்ததே இல்லை. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் எடுக்கும் படங்களை கோபர்னிகஸ் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம் என்று தெரிந்ததும், 2018 முதல் ஒவ்வொரு வருடமாக எங்கள் வயலைத் தேட ஆரம்பித்தேன்.

படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு மாவுக்குச் சுமார் 13 கட்டம்தான் வரும், வரப்போரத்தில் பக்கத்து வயலும் கலந்துவிடும். பச்சை எப்போது ஏறி எப்போது இறங்குகிறது என்பதை வைத்துத்தான் பயிரை ஊகிக்க வேண்டும். உளுந்து தையில் பச்சை பிடித்து, பங்குனி முடிவதற்குள் காய்ந்துவிடும். பருத்தி வைகாசி தாண்டியும் நிற்கும். பசுந்தாள் உரத்துக்குப் போடும் தக்கைப்பூண்டு கிடுகிடுவென ஏறி, மடக்கி உழுததும் சட்டென்று விழும். அதைப் பார்க்கவே எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஒரு வருடம் மாசிப் படத்தில் மேற்கு வயல் நல்ல பச்சையாக இருந்தது. உளுந்து நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷமாக அப்பாவிடம் காட்டினேன்.

"அது உளுந்து இல்லம்மா, மறுதாம்பு. அந்த வருஷம் ஈரம் நின்னுது, அறுத்த தாள்லேயே துளிர்த்துக்கிச்சு, மாட்டை விட்டு மேய்ச்சோம்" என்றார். அதற்கப்புறம் அவரைக் கேட்காமல் எந்த வயலுக்கும் நான் பயிர்ப் பெயர் எழுதுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகைப் படங்கள் முழுக்க மேகம். சம்பா வளரும் காலமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. சென்டினல்-1 என்ற இன்னொரு செயற்கைக்கோளின் ரேடார் படம்தான் கைகொடுத்தது, அதற்கு மேகம் தடையில்லை. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் கறுப்பாகத் தெரியும், பயிர் தூர்கட்டி வளர வளர வெளுக்கும். நெல் போட்ட வயலைக் கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான வழி எனக்குக் கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும் வரிசையாக வைத்தபோது, கிழக்கு வயலில் தொடர்ந்து நான்கு கோடையும் பருத்தியே இருந்தது தெரிந்தது. "மாத்தி மாத்தித்தானே போட்டேன்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த மண்ணுக்கு உளுந்து மாதிரி வேர்முடிச்சில் தழைச்சத்து சேர்க்கும் பயிர் ஒன்றாவது கிடைத்திருக்க வேண்டும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

இந்தத் தையில் அறுப்புக்குச் சில நாள் முன்னால், அந்தக் கிழக்கு வயலில் நெல்லுக்குள்ளேயே உளுந்து விசிறிவிட்டோம். தேதியை நோட்டில் அப்பாவே எழுதினார்.

நிலக்கடலை, சோளம் என்று மாற்றிப் போடும் மானாவாரிப் பக்கம் யாராவது இப்படிப் பார்த்திருந்தால் சொல்லுங்கள். கடலையும் உளுந்தும் படத்தில் எப்படிப் பிரிகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.