புதுப்பிப்பு: பெரிய சந்தேகம், கடும் கவலை – ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: சென்னை ஓஎம்ஆரில் வேலை, லண்டன் குழுவோடு அடிக்கடி போன் கால், விளக்கம் கேட்க நாம் "ஐ ஹேவ் எ டவுட்" என்றால் அவர்களுக்கு அது நம்பிக்கையின்மை மாதிரிக் கேட்கிறது, அப்போது நிஜமாகவே நம்பிக்கை இல்லாதபோது என்னதான் சொல்வது? கடும் கவலையை எப்படிச் சொல்வது?

விளக்கத்துக்கு "ஐ ஹேவ் எ கொஸ்டின்", உண்மையான சந்தேகத்துக்கு "ஐ ஹேவ் சீரியஸ் டவுட்ஸ் அபௌட்..." என்று பிரிக்கச் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. ரிலீஸ் தேதி பற்றி அப்படிச் சொன்னதும் உடனே காரணம் கேட்டார்கள், அப்புறம் தேதியையும் தள்ளிவைத்தார்கள்.

கவலைக்கு வந்த பதில்களில் "வொரீட் சிக்" ராத்திரி போன் எடுக்காத தம்பிக்குச் சரி, ஆபீஸ் மெயிலுக்கு "டீப்லி கன்சர்ன்ட்" போதும். "ஆன் டென்டர்ஹூக்ஸ்" முடிவு தெரியாமல் தவிப்பதற்கு. நெய்த துணியை விறைப்பாக இழுத்து மாட்டும் சட்டத்தின் கொக்கிகளிலிருந்து வந்ததாம், எனக்குப் பிடித்தது இதுதான்.

எதிர்பாராதது ஒன்று: பிரிட்டிஷ்காரர் "ஐ ஆம் நாட் என்டயர்லி ஷ்யூர்" என்று மெதுவாகச் சொன்னால், பல நேரம் அது கிட்டத்தட்ட 'வேண்டாம்'தான்.