புளியந்தீவில் பழைய பண்டகசாலையின் மேல்மாடி வீடு, வாங்கலாமா?

வாவிக்கரையான்:
எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு நகரில், புளியந்தீவில் ஒரு பழைய கட்டடம், கீழே முன்பு மூட்டை அடுக்கிய பண்டகசாலை, மேலே ஓட்டுக்கூரைக்கடியில் நீளமான ஒரே பலகைத் தளம். அந்த மேல்தளத்தைத் திருத்தி இரண்டு சொகுசு வீடுகளாக விற்கிறார்கள். போய்ப் பார்த்தேன். கூரை மரங்களை மறைக்காமல் விட்டு, முதிரைமரத் தீராந்திகளை, அதாவது கூரையைத் தாங்கும் உத்திரங்களை, இழைத்து எண்ணெய் பூசியிருக்கிறார்கள். படுக்கை மேலே ஒரு மரப் பரணில், கீழே சமையலறையும் இருக்கையறையும் தடுப்பில்லாமல் ஒன்றாக. வாவிப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. பின்னேரம் ஐந்து மணிக்கு வெயில் தண்ணீரில் பட்டு உள்ளே வந்த அழகுக்கு அங்கேயே முற்பணம் கொடுத்திருப்பேன், அம்மாதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டார். 78 சூறாவளிக்கு இந்தக் கூரை என்ன ஆனதென்று கேட்டாயா என்கிறார். தங்கைக்குச் சீதனமாக எழுதப்போகும் வீடு, அதனால் எனக்கும் பயம்தான். எதைப் பார்க்க வேண்டும்?

சுண்ணாம்புக்கை:
தம்பி, பழைய வீடுகளில் நான் 20 வருடத்துக்கு மேல் மேசன் வேலை செய்கிறேன். மேல்வீடு வாங்குகிறவர் முதலில் கீழ்த்தளத்தின் சுவரைப் பார்க்க வேண்டும், உங்கள் வீடு நிற்பது அதன் மேல்தானே. அந்தக் காலத்துச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. நிலத்து ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விட்டுவிடும், அதனால்தான் இவ்வளவு காலம் நிற்கிறது. அதன் மேல் சீமெந்து பூசினால் ஈரத்துக்குப் போக வழியில்லை. நம்முடைய வாவித் தண்ணீர் உவர், அந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து படிந்து பூச்சையே தள்ளிவிடும். ஆரம்பத்தில் நானே ஒரு வீட்டுக்கு அப்படிப் பூசிக் கொடுத்தேன், இரண்டு மார்கழி தாங்கவில்லை, முழுவதையும் கொத்தி எடுத்து மறுபடி சுண்ணாம்பு பூசினேன், அந்த வீட்டு அம்மாவின் முகம் இன்னும் மனதில் இருக்கிறது. விரல் கணுவால் தட்டுங்கள், பொள்ளலாக, உள்ளே வெற்றிடம் இருப்பது போலச் சத்தம் வந்தால் அதைச் சும்மா விடாதீர்கள்.

அப்புறம் தீராந்தி. நடுவில் இழைத்துப் பளபளப்பாக இருக்கும், உளுப்பது சுவருக்குள் போகும் நுனிதான், கறையான் ஏறுவதும் அங்கேதான். நல்ல ஓடாவி, மரவேலை தெரிந்த தச்சர் ஒருவரைக் கூட்டிப்போய் நுனியில் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். குத்த விடமாட்டோம் என்றால் அந்த வீடு வேண்டாம். அம்மா கேட்டதும் சரியான கேள்வி. 1978 நவம்பர் 23 இரவு இங்கே எத்தனையோ கூரை போனது, பிறகு கையில் கிடைத்த மரத்தை வைத்து மூடியவர்கள் நிறையப் பேர். கூரையைத் தாங்கும் எல்லா வளையும் ஒரே மரமா, சுவரோடு இறுக்கிக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

உறுதிக்கட்டு:
நான் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைகளுக்குப் போகிறது, இரண்டு மூன்று தலைமுறையில் ஒரு கட்டடத்துக்கு ஏழெட்டுப் பங்காளிகள் வந்துவிடுவார்கள், அதில் ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், கையெழுத்து இருக்காது. பழைய உறுதிப் பத்திரம் முதல் இன்றைய உறுதி வரை காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, மேல்தளத்தை மட்டும் தனியாக எழுத வேண்டுமென்றால் தொடர்மாடி உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி அந்தக் கட்டடத்தின் வரைபடம் பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் தங்கைக்குக் கிடைப்பது பிரிபடாத பங்கு மட்டும்தான், நாளைக்குக் கூரை ஒழுகினால் யார் செலவு என்பதிலேயே சண்டை தொடங்கும். மாநகர சபை இந்தத் திருத்த வேலைக்கு அனுமதி கொடுத்த கடிதத்தையும் கேளுங்கள். கட்டடம் 1815க்கு முந்தியது என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் தொல்பொருள் திணைக்களத்திலும் விசாரிக்க வேண்டும்.

மீன்மகள்:
தம்பி, நான் கோட்டைக்குக் கிட்ட இப்படி ஒரு மேல்வீட்டில் ஆறு வருடம் இருந்தேன். பின்னேர வெயில் கண்ணாடியால் வருகிறது என்றால் அது மேற்குப் பக்கம். ஆனி ஆடியில் கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று அடிக்கும்போது மத்தியானம் இரண்டு மணிக்குப் போய், ஏசியை நிறுத்தச் சொல்லி, அந்தப் பரணில் அரை மணித்தியாலம் இருந்து பாருங்கள். சூடெல்லாம் மேலேதான் ஏறும். பழைய ஆட்கள் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுப்போக இடைவெளி விட்டிருந்தார்கள், அதை அடைத்துவிட்டார்களா என்று கவனியுங்கள். எனக்கு அந்த வீடு உயிர். இரவில் வாவியில் தோணி போகும் சத்தம் கட்டிலுக்குக் கேட்கும், காலையில் தேவாலய மணி. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்ததும் அந்தச் செங்குத்தான படியால்தான் விட்டு வந்தோம். உங்கள் அம்மாவும் அங்கே வந்து இருப்பார்தானே, அவரை ஒரு தரம் ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

வாவிக்கரையான்:
எல்லோருக்கும் நன்றி. இன்று மத்தியானம் மறுபடி போனேன். பரணில் பத்து நிமிடம் இருக்க முடியவில்லை அக்கா. இடைவெளியைப் பலகை வைத்து அடைத்திருக்கிறார்கள், திறந்து கம்பி வலை அடித்துத் தரலாம் என்கிறார்கள். கீழ்த்தளச் சுவர் ஒரு பக்கம் பொள்ளல். வரைபடம் இன்னும் பதியவில்லை, பதிந்த பிறகே முற்பணம் என்று சொல்லிவிட்டேன். சுண்ணாம்புக்கை அண்ணா, ஞாயிற்றுக்கிழமை உங்களால் வர முடியுமா?

சுண்ணாம்புக்கை:
வருகிறேன் தம்பி. காலை எட்டு மணிக்கு, ஓடாவியையும் கூட்டி வருகிறேன். நீங்கள் ஏணியும் டோர்ச்சும் எடுத்து வையுங்கள்.