ப்ரோபாக்ஸுக்கு வீட்டுல செஞ்ச கேபிள்: அடாப்டர் எரிஞ்சுபோச்சு

கேள்வி (ரங்கூன்)
அண்ணே, அப்பாவோட 2003 டொயோட்டா ப்ரோபாக்ஸ் வண்டியில எஞ்சின் கோளாறு விளக்கு அணையவே மாட்டேங்குது. என்ன கோளாறுன்னு லேப்டாப்ல பார்க்கலாம்னு, யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டரை (கம்ப்யூட்டரோட யூஎஸ்பியைச் சின்ன சர்க்யூட்டோட பேச வைக்கிறது) ஓபிடி சாக்கெட்டோட (வண்டியில கோளாறு பார்க்குற சாக்கெட்) 7ஆம் பின்ல நேரா கொடுத்தேன். அடாப்டர் சூடாகிச் செத்துப்போச்சு. வண்டி ஸ்டார்ட் ஆகுது. இந்த வண்டியிலதான் அப்பா அரிசி மூட்டை ஏத்துறாரு, அதான் பயமா இருக்கு.

பதில் (மோல்மேன்)
பயப்படாதே தம்பி. 7ஆம் பின் கே-லைன், அதாவது வண்டி கம்ப்யூட்டர் பேசுற வயர். சும்மா இருக்கும்போதே அதுல 12 வோல்ட் நிக்கும். உன் அடாப்டர் தாங்குறது 5 வோல்ட்தான். நடுவுல எல்9637டி சிப் ஒண்ணு வை, அது 12 வோல்ட் கே-லைனுக்கும் உன் அடாப்டருக்கும் நடுவுல நின்னு மாத்திக் கொடுக்கும். 16ஆம் பின்னுக்கும் 7ஆம் பின்னுக்கும் இடையில 510 ஓம் ரெசிஸ்டர் போடு. 4, 5 ரெண்டும் கிரவுண்ட். 16ல சாவியை எடுத்தாலும் பேட்டரி கரண்ட் இருக்கும், அதனால அந்த வயர்ல ஃபியூஸ் கட்டாயம். செருகுறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சு ஒவ்வொரு பின்னா பாரு. நான் ராத்திரி டார்ச் வெளிச்சத்துல அவசரப்பட்டு 16ஐயும் 4ஐயும் ஷார்ட் பண்ணினேன். வண்டி ஃபியூஸ்தான் காப்பாத்துச்சு.

பதில் (தட்டோன்)
கே-லைன்ல பேசுற வேகம் 10400 பாட் (நொடிக்கு இத்தனை பிட்). ஆனா முதல்ல வண்டி கம்ப்யூட்டரை எழுப்ப, மெதுவா 5 பாட்ல ஹெக்ஸ் 33ங்கிற முகவரியை (ஹெக்ஸ்னா 16ஐ அடிப்படையா வச்சு எழுதுற எண்) அனுப்பணும், அதுக்கே 2 நொடி ஆகும். திரும்ப ஹெக்ஸ் 55 வந்தா வண்டி பேசுதுன்னு அர்த்தம். ஜப்பான் உள்நாட்டு வண்டி சிலது 33க்குப் பதில் சொல்லாது, வேற முகவரி கேக்கும்.

கேள்வி கேட்டவர்
சிப் வாங்கிட்டேன் அண்ணே. ஞாயித்துக்கிழமை அப்பா வீட்டுல இருப்பாரு, அன்னைக்குச் சால்டர் பண்ணுறேன்.